குறுக்கே கிடந்த பந்து

டெலிபிரிண்டர் துப்பும் காகிதத்தை ஸ்டீல் ஸ்கேல் வைத்துக் கிழிப்பதற்கு ஒரு பக்குவம் வேண்டும். அவசரப்பட்டால் செய்தியின் கடைசி வரி இயந்திரத்திலேயே தங்கிவிடும். 1990 டிசம்பர் முதல் வாரத்தில் ஓர் இரவு, சென்னையில் ஒரு தமிழ் நாளிதழின் செய்திப் பிரிவில், அப்படிக் கிழித்தெடுத்த இரண்டு அடிக் காகிதத்தைக் கையில் பிடித்தபடி ஓர் இளைஞன் விழித்துக்கொண்டிருந்தான். செய்தி பிரசெல்ஸிலிருந்து வந்திருந்தது. சர்வதேச வர்த்தகத்துக்கான காட் அமைப்பின் உருகுவே சுற்றுப் பேச்சு விவசாய மானியத்தில் வந்து மாட்டிக்கொண்டு நிற்கிறது. அமெரிக்காவும் கெய்ர்ன்ஸ் குழு நாடுகளும் மானியத்தை வெட்டச் சொல்கின்றன. ஐரோப்பிய சமூகம் அந்த அளவுக்கு இறங்கி வரவில்லை. இதெல்லாம் புரிந்தது. முதல் வரியில் இருந்த வினைச்சொல்தான் புரியவில்லை. 'ஸ்டைமி'.

அவனுக்கு வயது 24. ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. ஷேக்ஸ்பியரை வரிக்கு வரி பொருள் சொல்லித் தேறியவனுக்கு ஒரு தந்திச் செய்தியின் சொல் தெரியவில்லை என்பதைப் பக்கத்து மேஜைக்காரரிடம் ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது. இன்று அவர் ஓய்வு பெற்ற பத்திரிகையாளர். இந்தக் கதையைச் சொல்லும்போது அந்த இளைஞனை 'அவன்' என்றுதான் குறிப்பிடுகிறார். "அவனுக்கும் எனக்கும் இப்போ அவ்வளவா பழக்கமில்லை" என்பார்.

சொல் தெரியாததால் பெரிய ஆபத்து ஒன்றுமில்லை. தமிழ்ப் பத்திரிகை மேஜைகளில் இதற்கென்று ஒரு சர்வரோக நிவாரணி உண்டு: முட்டுக்கட்டை. இம்பீட், ஹாம்பர், ஹிண்டர், த்வார்ட், அப்ஸ்ட்ரக்ட் என்று ஆங்கிலத்தில் எந்த வேஷத்தில் வந்தாலும் தமிழில் முட்டுக்கட்டையாகத்தான் இறங்கும். அந்த ஆண்டு ஜூனில்தான் காவிரி நடுவர் மன்றம் அமைக்கப்பட்டிருந்தது, கேட்க வேண்டுமா? முட்டுக்கட்டைக்கு நல்ல கிராக்கி. ஏழே எழுத்து, ஒரு பத்தி அகலத்தில் பிசகாமல் உட்காரும், வாசகருக்குக் கோபமும் வரும். தலைப்புக்கு வேறென்ன வேண்டும்?

'காட் பேச்சுக்கு முட்டுக்கட்டை' என்று எழுதிக் கொடுத்தான்.

செய்தி ஆசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைப் பார்த்தார்.

"யாரு தம்பி போட்டது?"

"எதை சார்?"

"முட்டுக்கட்டையை. அது தானா போய் விழாதே. ஒருத்தன் குனிஞ்சு போடணும்ல?"

அவனிடம் பதில் இல்லை. மூலச் செய்தியிலும் யாரும் குனிந்திருக்கவில்லை.

செய்தி ஆசிரியர் திருவாரூர்க்காரர். அந்த ஊர்க்காரரிடம் முட்டுக்கட்டையைப் பற்றிக் கவனக்குறைவாகப் பேசக்கூடாது என்பதை அவன் அன்று தெரிந்துகொண்டான். அந்த ஊர்க் கோயில் ஆழித்தேரின் உயரம் 96 அடி. வடம் பிடிக்கிற ஆயிரக்கணக்கான பேருக்கு இழுக்கத் தெரியும். திருப்பத் தெரியாது, நிறுத்தவும் தெரியாது. அந்த இரண்டையும் செய்கிறவர்கள் சக்கரத்தை ஒட்டி நடக்கும் கொஞ்சம் பேர்தான். ஆளுக்கு ஒரு கட்டை கையில் இருக்கும். ஒரு பக்கம் சாய்வாகச் செதுக்கிய, கனமான புளியங்கட்டை. விரல் சக்கரத்துக்கு அடியில் போய்விடாமல் பிடித்துக்கொள்ள ஒரு பிடி. வீதி முனை நெருங்கும்போது ஒரு பக்கத்துச் சக்கரத்துக்குக் கீழே கட்டையைத் தள்ளுவார்கள். அந்தச் சக்கரம் கட்டையின் சாய்வில் ஏறி, முனகி, சறுக்கும். தேர் ஒரு சாண் திரும்பும். உடனே கட்டையை உருவிவிட்டு அடுத்ததைப் போட வேண்டும். உருவத் தாமதமானால் கட்டை போச்சு. போடத் தாமதமானால் எதிரே இருப்பது போச்சு. திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக் வந்த பிறகும் கட்டை போடுகிறவர்களை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை.

"முட்டுக்கட்டை இல்லேன்னா தேர் தெருவுக்குள்ள திரும்பாது தம்பி, எதிர்வீட்டுத் திண்ணைக்குள்ள போயிடும். நாம என்னடான்னா அதைத் திட்டுற வார்த்தையா ஆக்கி வெச்சிருக்கோம்."

தலைப்பை 'காட் பேச்சில் சிக்கல்' என்று மாற்றிவிட்டு, தாளைத் திருப்பிக் கொடுத்தார். கூடவே ஒரு வீட்டுப்பாடமும்: அந்த ஆங்கிலச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

அலுவலகத்தில் முதுகு கிழிந்த சேம்பர்ஸ் அகராதி ஒன்று இருந்தது. எடின்பரோவில் பிறந்த அகராதி என்பதால் ஸ்காட்லாந்துச் சொற்களுக்கு அதில் தனிச் சலுகை. ஸ்டைமி, கோல்ஃப் விளையாட்டுச் சொல் என்று போட்டிருந்தது. எதிராளியின் பந்து நம் பந்துக்கும் குழிக்கும் நடுவில் கிடக்கும் நிலை. சரி, கிடக்கட்டுமே? தட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே? கோல்ஃபை அவன் பார்த்ததில்லை. பணக்காரர்கள் புல்வெளியில் நடந்துபோகும் ஒரு விளையாட்டு, பையை வேறொருவன் தூக்கிவருவான் என்பதோடு அவன் அறிவு முடிந்தது.

அந்த வேறொருவன் கீழ்த்தளத்திலேயே இருந்தார்.

முதல் பதிப்பு அச்சுக்குப் போனதும் கேரம் போர்டைச் சுற்றிக் கூட்டம் சேரும். இரவுக் காவலாளி அதில் நிரந்தர ஆட்டக்காரர். அறுபதை நெருங்கும் மனிதர், மெலிந்த விரல்கள், குறி தப்பாது. பேச்சுவாக்கில் அவன் அந்தச் சொல்லைச் சொன்னதும் பவுடர் தூவிக்கொண்டிருந்த கை நின்றது.

"ஸ்டைமியா? அது இன்னா சார் உங்க பேப்பர்ல வருது? கிண்டியில துரைங்க அத்தச் சொல்லித்தான் அடிச்சிப்பாங்க."

சுதந்திரத்தை ஒட்டிய வருஷங்களில், கிண்டி குதிரைப் பந்தயத் திடலுக்குள் இருக்கும் கோல்ஃப் மைதானத்தில் பை தூக்கிய பையன் அவர். போர்டின் மூலையில் ஒரு கறுப்புக் காயை வைத்தார். அதற்கு நேர் பின்னால், ஒரு சாண் தள்ளி, ஒரு வெள்ளைக் காய்.

"வெள்ளை உன்து. கறுப்பு என்து. குழி அதோ. இப்போ உன் ஆட்டம். இன்னா பண்ணுவ?"

"உங்க காயைத் தட்டிவிட்டுப் போவேன்."

"தட்டு. என் காய் குழியில வுழுந்துரும். எனக்குத்தான் லாபம்."

"அப்போ உங்களை எடுத்துக்கச் சொல்வேன்."

"எடுக்க மாட்டேன். ஆட்ட ரூலு."

அந்த விதியையும் விளக்கினார். ஆடுகிறவர்களின் சட்டைப் பையில் கணக்கு எழுதும் அட்டை இருக்கும். அதன் நீளம் ஆறு அங்குலம். சந்தேகம் வந்தால் இரண்டு பந்துகளுக்கும் நடுவில் அட்டையை வைத்துப் பார்ப்பார்கள். இடைவெளி அட்டையைவிடக் குறைவு என்றால் முன்னால் கிடக்கும் பந்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அட்டை நுழைந்து மிச்சமும் இருந்தால் பந்து கிடந்த இடத்திலேயே கிடக்கும். பின்னால் இருப்பவர் வளைத்து அடிப்பாரோ, மேலே எழுப்பித் தாண்ட வைப்பாரோ, அது அவர் பாடு. ஒரு துரை அட்டையை வைத்துக் குனிவதும், இன்னொரு துரை அட்டை நேராக இல்லை என்று வாதாடுவதும், பையன்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மரத்தைப் பார்ப்பதும் அன்றாடக் காட்சியாம்.

கடைசியில் அவர் சொன்னதுதான் அவனுக்கு மறக்கவில்லை. கறுப்புக் காயை ஒரு விரலால் தொட்டுக் காட்டினார். "பாரு, நான் ஒண்ணுமே பண்ணல. என் காய் சும்மா கெடக்குது. ஆனா நீ போவ முடியல."

கிண்டியில் அந்தப் பையன் பார்த்தது ஒரு நெடுங்கதையின் கடைசி அத்தியாயம். கோல்ஃபுக்கு எழுத்தில் கிடைத்த முதல் விதிகள் 1744-ல் எடின்பரோவை அடுத்த லீத்தில் எழுதப்பட்டவை, மொத்தம் 13. அதில் பந்தோடு பந்து ஒட்டிக்கொண்டு கிடந்தால் மட்டுமே ஒன்றை எடுக்க வேண்டும் என்று இருந்தது. ஒட்டாமல் குறுக்கே கிடந்தால்? பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆறு அங்குலக் கணக்கெல்லாம் பிறகு வந்த கருணை. ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடும் ஆட்டத்தில் எதிராளியின் பந்தும் பள்ளம் மேடு மாதிரி மைதானத்தின் ஒரு பகுதி என்பது ஸ்காட்லாந்துக்காரர்களின் பழைய நியாயம். அதை அதிர்ஷ்டம் என்றும் சொன்னார்கள், அநியாயம் என்றும் சொன்னார்கள். இரண்டு கட்சியும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் சளைக்கவில்லை.

1930-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த பிரிட்டிஷ் அமெச்சூர் போட்டியில் அமெரிக்கர் பாபி ஜோன்ஸும் முந்தைய ஆண்டின் சாம்பியன் சிரில் டோலியும் மோதினார்கள். 18 குழிகள் முடிந்தும் சமநிலை. 19-வது குழியில் ஜோன்ஸின் பந்து டோலியின் பந்துக்கு நேர் முன்னால் போய் நின்றுவிட்டது. டோலிக்கு வழி தெரியவில்லை. ஆட்டம் அங்கேயே முடிந்தது. ஜோன்ஸ் அந்தப் போட்டியை வென்று, அதே ஆண்டில் மற்ற மூன்று பெரிய பட்டங்களையும் வென்று, கோல்ஃப் சரித்திரத்தில் ஏறிவிட்டார். அந்த ஒரு பந்து நாலு விரற்கடை தள்ளி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இன்றும் கோல்ஃப்காரர்களின் திண்ணைப் பேச்சு. ஸ்டைமி விதி இருக்க வேண்டும் என்று கடைசிவரை வாதாடியவர்களில் ஜோன்ஸும் ஒருவர். அவர் வாதாடாமல் யார் வாதாடுவது?

1952-ல் பிரிட்டனின் ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் சேர்ந்து விதிகளைத் திருத்தியபோது ஸ்டைமி ஒழிந்தது. ஆட்டத்தில்தான் ஒழிந்தது. சொல் அதற்கு வெகுகாலம் முன்பே மைதானத்தை விட்டு வெளியே வந்து, அரசியலிலும் கோர்ட்டிலும் வியாபாரத்திலும் குடியேறிவிட்டிருந்தது. இன்று அதைப் புழங்கும் ஆங்கிலேயர்களில் பலருக்கு அது கோல்ஃப் சொல் என்பதே தெரியாது.

வெளியே வந்த பிறகும் அது தன் பழைய குணத்தை விடவில்லை என்பதுதான் வேடிக்கை. ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் செயப்பாட்டு வினையாகவே வரும். சாட்சி கிடைக்காமல் போலீஸ் விசாரணை ஸ்டைமி ஆகும். பணம் வராமல் திட்டம் ஸ்டைமி ஆகும். ஒரு புதிருக்கு முன்னால் திகைத்து நிற்கும் ஆளும் ஸ்டைமி ஆவார். தடுத்தவர் யார் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் அந்தச் சொல்லுக்கு இல்லை. ஆள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆட்டம் முடிந்துவிட்டது என்றும் அர்த்தமில்லை. இந்த முறைக்கு வழி இல்லை, அவ்வளவுதான். எழுத்தில் அதற்கு ஒரு சின்ன வம்பு உண்டு: 'இங்' சேரும் வடிவத்தில் 'இ'-யை வைத்துக்கொள்வதா, 'ஒய்' ஆக்குவதா என்று ஆங்கிலேயர்களுக்கே இரண்டு மனம். அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன.

இத்தனையும் தெரிந்த பிறகாவது அவன் முட்டுக்கட்டையை விட்டானா என்றால், இல்லை. பழக்கம் விடுமா? விட வைத்தது அடுத்த ஆண்டு நடந்த ஒன்று.

ஒரு மாவட்டத்துப் பாலம். மூன்று வருஷமாகத் தூண்கள் மட்டும் நிற்கின்றன. ஆங்கிலத்தில் வந்த குறிப்பு, பூமிக்கடியில் போகும் குழாய்களை மாற்றிப் போடுவதில் தாமதம், அதனால் வேலை 'இம்பீட்' ஆகியிருக்கிறது என்றது. குழாய்க்குப் பொறுப்பான துறையின் பெயரைப் போட்டு, அந்தத் துறை முட்டுக்கட்டை என்று மூன்று பத்தித் தலைப்பு கொடுத்தான். நல்ல தலைப்பு என்று அன்றைக்கு நினைத்தான். இரண்டு பேர் பாராட்டவும் செய்தார்கள்.

இரண்டாம் நாள் மாலை அந்தத் துறையின் இளநிலைப் பொறியாளர் ஒருவர் பஸ் பிடித்து அலுவலகத்துக்கே வந்துவிட்டார். சண்டைக்கு வந்தவர் மாதிரித் தெரியவில்லை. கையில் மஞ்சள் பை. அதிலிருந்து ஒரு கோப்பையும், மடித்து மடித்து நைந்துபோன அந்த நாள் பேப்பரையும் எடுத்தார். குழாயை மாற்றிப் போட ஆகும் செலவைப் பாலம் கட்டுகிறவர்கள் முன்கூட்டியே கட்ட வேண்டும், மதிப்பீடு போட்டு அனுப்பி 14 மாதம் ஆகிறது, பணம் வரவில்லை, நினைவூட்டல் நான்கு போயிருக்கிறது. தேதிவாரியாகக் காட்டினார். பிறகு பேப்பரை மேஜையில் விரித்து, தலைப்பின் கடைசிச் சொல்லை ஆள்காட்டி விரலால் தடவினார்.

"சார், நாங்க எதையும் போடலியே."

மேலதிகாரி அவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டிருக்கிறார். மகள் பள்ளிக்கூடத்தில் யாரோ பேப்பரைக் காட்டிக் கேட்டிருக்கிறார்கள். மறுப்புச் செய்தி போட்டார்கள், ஏழாம் பக்கத்தில், இரண்டு அங்குலத்துக்கு. அவர் நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார். அந்த நன்றிதான் அவனைப் படுத்தியது.

அன்றிரவு ஒரு 80 பக்க நோட்டு வாங்கினான். ஆங்கிலத்துத் தடைச் சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே என்ன படம் இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தான். அவனைக் குப்புறத் தள்ளிய இம்பீடிலிருந்தே தொடங்கினான். உள்ளே ஒரு பாதம் இருக்கிறது. லத்தீனில் 'பெஸ்' என்றால் கால். காலுக்குத் தளை மாட்டுவதுதான் இம்பீட். தளையை அவிழ்த்தால் அது 'எக்ஸ்பெடைட்', விரைவுபடுத்து. ரோமப் படை இழுத்துக்கொண்டு போன மூட்டை முடிச்சுகளுக்கு 'இம்பெடிமென்டா' என்று பெயர். ஆக, இம்பீட் ஆனவன் நின்றுவிடுவதில்லை. நடக்கிறான், மெதுவாக நடக்கிறான். நாம் கல்யாணத்தைக் கால்கட்டு என்கிறோமே, அதே படம். கால்கட்டு போட்ட பிறகும் மனிதர்கள் வேலைக்குப் போய்க்கொண்டுதானே இருக்கிறார்கள்?

'ஹாம்ஸ்ட்ரிங்' கொடூரம். முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் தசைநாரை வெட்டிக் குதிரையையோ மாட்டையோ நடக்க முடியாமல் ஆக்குவது. இதற்குத் தமிழில் சொல் தேடி அவன் இரண்டு நாள் அலைந்தான். அது தினமும் அவன் கையாலேயே எழுதிக்கொண்டிருந்த சொல். முடக்கம்! போஃபர்ஸ் விவகாரத்தில் நாடாளுமன்றம் நாள்தோறும் முடங்கியபோது எத்தனை முறை எழுதியிருப்பான், உள்ளே ஒரு முடம் இருப்பதைக் கவனித்ததே இல்லை. 'பாக்' என்று ஒலிக்கும் இன்னொரு சொல்லுக்குள் உழாமல் விட்ட வரப்பு இருந்தது. ஏர் மாடு வரப்பைக் கண்டதும் நின்றுவிடுவது மாதிரி நிற்பது. 'அப்ஸ்ட்ரக்ட்' வழியில் சுவர் எழுப்புவது. 'த்வார்ட்' என்பதன் பழைய பொருள் வெறும் 'குறுக்கே'. ஆனால் இன்றைய புழக்கத்தில் அதில் ஒருவர் மனது வைத்துக் குறுக்கே வந்திருக்க வேண்டும், காரியமும் கெட்டிருக்க வேண்டும். சதி 'த்வார்ட்' ஆகும், மழையால் ஆட்டம் 'த்வார்ட்' ஆவது கொஞ்சம் உறுத்தும்.

தமிழ்ப் பக்கமும் நிரம்பிக்கொண்டே வந்தது. மறித்தல் என்று எழுதிப் பக்கத்தில் மறியல் என்று எழுதினான். 1921-ல் ஈரோட்டில் பெரியாரின் துணைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் கள்ளுக்கடைக்கு முன்னால் போய் நின்றது மறியல். அது தடுத்தல்தான், ஆனால் நெஞ்சை நிமிர்த்திச் செய்த தடுத்தல். செய்தவர் பெயரோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய சொல். முட்டுக்கட்டையும் மறியலும் இடையூறும் இடறலும் தடங்கலும் ஒரே சரக்கு என்று எண்ணி அவன் நான்கு வருஷம் வியாபாரம் செய்திருக்கிறான்.

நோட்டில் ஸ்டைமிக்கு எதிர்ப்பக்கம் மட்டும் காலியாகவே இருந்தது. சும்மா கிடந்தே வழியை அடைக்கிற ஒன்றுக்குத் தமிழில் என்ன சொல்வது?

விடுமுறை கிடைத்த ஒரு வெள்ளிக்கிழமை. மாலையில் தூர்தர்ஷனில் 'ஒளியும் ஒலியும்' ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சாவியைத் தேடிக்கொண்டு கூடத்துக்கு வந்தவன், மேஜை இழுப்பறையைத் திறந்துகொண்டு டி.வி.க்கு முன்னால் நின்றுவிட்டான்.

"டேய், நந்தி மாதிரி குறுக்க நிக்காதே, ஒண்ணும் தெரியலை!"

அவன் நகரவில்லை. இழுப்பறையில் கை அப்படியே இருந்தது. அம்மா இரண்டாம் முறை கத்தினாள்.

நந்தி யாரையும் தடுக்க நினைப்பதில்லை. அது தன் சாமியைப் பார்த்தபடி தன் இடத்தில் படுத்திருக்கிறது. பின்னால் நிற்பவனுக்குத்தான் சந்நிதி தெரிவதில்லை. கறுப்புக் காயின் மேல் காவலாளி வைத்த விரல் அவன் ஞாபகத்துக்கு வந்தது. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஸ்காட்லாந்துப் பேச்சில் 'ஸ்டைம்' என்றால் துளியூண்டு பார்வை. ஒரு ஸ்டைம்கூடத் தெரியவில்லை என்றால் கண்ணே தெரியவில்லை என்று பொருள். கண் மங்கலானவனை ஸ்டைமி என்று அழைத்ததும் உண்டு. கோல்ஃப் சொல் அதிலிருந்து வந்திருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள் அகராதிக்காரர்கள், அடித்துச் சொல்வதில்லை. அப்படியானால் அங்கேயும் குறை வழியில் இல்லை, பார்வையில். கோபாலகிருஷ்ண பாரதி 19-ஆம் நூற்றாண்டில் எழுதிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையிலும் அந்த மாட்டின் மேல் வைக்கும் புகார், அது வழியை மறிக்கிறது என்பதல்ல, மறைக்கிறது என்பது. மறி, மறை. ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். தலைப்பு எழுதுகிறவனுக்கு அந்த ஒரு எழுத்து ஒரு இளநிலைப் பொறியாளரின் மானம்.

நோட்டில் எழுதினான்: ஸ்டைமி = நந்தி.

செய்தி ஆசிரியரிடம் காட்டியபோது அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. திருவாரூர்க்காரர் அல்லவா, நந்தனார் கதையைத் தேர்க்கட்டை அளவுக்கே அறிந்தவர். "சரிதான். ஆனா ஒண்ணு கவனிச்சியா? நந்தி விலகிச்சு. நந்தனார் உள்ள போனாரா?" என்றார்.

போகவில்லை. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சொல்லும் கதையிலேயே அது இருக்கிறது. ஆதனூரில் தீண்டாமைக்கு ஆளான குலத்தில் பிறந்தவர், கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்தவர், திருப்புன்கூரில் வெளியே நின்றுதான் கும்பிட வந்தார். நேரே பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார், மாடு விலகியது, பார்த்தார். நின்ற இடம் மாறவில்லை. மறைத்தது மாடு, மறித்தது வேறு. அந்த வேறொன்றுக்கு ஸ்டைமி என்று பெயர் வைத்தால் அது பொய். அது தானாகக் கிடந்த பந்தல்ல. ஆட்கள் குனிந்து வைத்தது, தலைமுறை தலைமுறையாகக் காவல் காத்தது. அதை எடுக்க 1947-ல் சென்னை மாகாணம் ஆலயப் பிரவேசச் சட்டம் போட வேண்டியிருந்தது. யாரும் செய்யாததை யாரோ செய்தது போல எழுதியது ஒரு தப்பு என்றால், ஆட்கள் செய்ததைத் தானாக நேர்ந்தது போல எழுதுவது அதைவிடப் பெரிய தப்பு என்று, அந்த 'அவன்' அவராகிவிட்ட பின்னாளில், இளம் உதவி ஆசிரியர்களிடம் சொல்வதுண்டு. 'பேச்சு தடைபட்டது', 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று யாராவது எழுதிக்கொண்டு வந்தால், பழைய செய்தி ஆசிரியரின் குரலிலேயே கேட்பார்: யாரு தம்பி போட்டது?

அந்தச் செய்தி ஆசிரியர் இன்று இல்லை. காவலாளியும் இல்லை. உருகுவே சுற்று ஒருவழியாக 1994-ல் மராகேஷில் முடிந்து, அடுத்த ஆண்டு உலக வர்த்தக அமைப்பு பிறந்தது. அந்தச் செய்தியையும் அன்றைய இளைஞரே மொழிபெயர்த்தார், முட்டுக்கட்டை இல்லாமல். 80 பக்க நோட்டு இரண்டு வீடு மாறியதில் எங்கோ தொலைந்தது.

சில வருஷங்களுக்கு முன்பு வைத்தீஸ்வரன்கோயிலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவர், பக்கத்தில்தானே என்று ஆட்டோ பிடித்துத் திருப்புன்கூருக்குப் போனார். சிவலோகநாதர் கோயிலில் கூட்டம் இல்லை. நந்தி அவர் நினைத்ததைவிடப் பெரியது. கதையில் சொல்வதுபோலவே சந்நிதிக்கு நேராக இல்லாமல் ஒதுங்கித்தான் படுத்திருந்தது. அதன் பின்னால் போய் நின்றார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கேரம் ஆடுகிறவர் மாதிரி கொஞ்சம் குனிந்து, கோடு பார்த்தார். பையில் அட்டை ஏதும் இல்லை. கல்யாணப் பத்திரிகை இருந்தது. அதை எடுத்து, நீட்டிப் பிடித்து, தூரத்திலிருந்தே நந்தி எவ்வளவு விலகியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார்" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல். இடுப்பில் குழந்தை, கையில் அர்ச்சனைத் தட்டு. "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? சாமி தெரியலை."

ஆறு அங்குலம் போதுமா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. பத்திரிகையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நந்தி ஒதுங்கிய பக்கமே ஒதுங்கிக்கொண்டார்.